‘ஈசிஎம் போய்விட்டது’ என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்: பழைய கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

என்னிடம் இருப்பது 2001ஆம் ஆண்டு மாடல் மாருதி எஸ்டீம். சென்ற சித்திரையில் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குத் திரும்பும்போது, செக்கானூரணியைத் தாண்டியதும் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சைலன்சரில் கறுப்புப் புகை வந்தது, மைலேஜும் குறைந்திருந்தது.

புறவழிச் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். அங்கிருந்தவர் சிறிய புளூடூத் கருவி ஒன்றைச் செருகி, இணைக்க முடியவில்லை என்று கைபேசியில் வந்த செய்தியைக் காட்டி, “ஈசிஎம் செத்துப்போச்சு சார், அதான் பதிலே வரல” என்றார். ஈசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி. அது உண்மையிலேயே செத்திருந்தால் இன்ஜெக்டருக்கும் ஸ்பார்க்குக்கும் கட்டளை போகாது, வண்டி அவர் வாசல் வரை வந்தே இருக்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாலையில், ஈசிஎம்மை மாற்றிவிட்டதாகச் சொன்னதை நம்பி 14,500 ரூபாய் கொடுத்தேன், விளக்கும் அணைந்திருந்தது.

இரண்டு நாளில் புகை மீண்டும் வந்தது. திருமங்கலத்தில் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலையில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தாக வேண்டும், எரியவில்லை. “தம்பி, லைட்டு அணையல. பல்பையே உருவியிருக்காங்க” என்றார். மீட்டரைக் கழற்றியபோது அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ஈசிஎம்மின் போல்ட்டுகள் மீது பல வருடத் தூசு கலையாமல் படிந்திருந்தது.

புதிய பல்பைப் போட்டு, கோளாறு எண்ணைக் காண்பதற்கென்றே வண்டியில் உள்ள டயக்னாஸ்டிக் முனையைச் சிறு வயரால் எர்த்தோடு இணைத்தார். விளக்கு ஒருமுறை மின்னி, சற்று நின்று, நான்கு முறை மின்னியது. அதையே மூன்று தடவை காட்டியது. அது 14, அதாவது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பத்தை அளப்பது) சர்க்யூட்டில் கோளாறு. (எந்தக் கோளாறும் இல்லையென்றால் இந்த வகை வண்டிகள் 12 காட்டும்.) எலி கடித்ததில் சென்சார் வயரின் இழைகள் அறுந்து, ஒன்றிரண்டு மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தன. வெப்பம் குறையக் குறைய அந்தச் சென்சாரின் மின்தடை கூடும் என்பதால், அறுந்த வயரின் கூடுதல் தடையைக் குளிர்ச்சி என்று எடுத்துக்கொண்டு, சித்திரை வெயிலிலும் ஈசிஎம் பெட்ரோலை அதிகமாகத் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு முழுமையாக விட்டுப்போனபோதுதான் விளக்கு எரிந்திருக்கிறது. வயரை ஒட்டுப்போட 350 ரூபாய் ஆனது.

முதல் பட்டறையில் செருகியது போன்ற மலிவான புளூடூத் கருவிகளுக்கு, வண்டியின் கோளாறு எண்களைப் படிக்கும் பொது முறையான ஓபிடி-2 மட்டுமே தெரியும். இந்தியாவில் அது 2013 ஏப்ரலில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல வண்டிகளில், சாக்கெட் பொருந்தினாலும் கருவி இணையாது. அதை வைத்து ஈசிஎம் பழுது என்று சொல்வதை ஏற்காதீர்கள். பேட்டரியைக் கழற்றினால் பழைய வண்டிகளில் கோளாறு எண் அழிந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். எனக்கு அதை “எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது” என்றார்கள், நானும் தலையாட்டினேன்.

பணத்தைத் திரும்பக் கேட்கச் சென்றபோது என் ரசீதையே எனக்குக் காட்டினார்கள். அதில் ஈசிஎம் என்ற சொல்லே இல்லை. ‘எலக்ட்ரிக்கல் வேலை – 14,500’ என்று மட்டும் எழுதியிருந்தது.