5 ஸ்டாருக்குக் காசு வாங்கிக்கொண்டு 3 ஸ்டார் ஏசியை மாட்டிவிட்டுப் போனார்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஏசி வாங்கப் போகிறவர்கள் யாராவது படித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன். பல கிளைகள் வைத்திருக்கும் வீட்டு உபயோகப் பொருள் கடை அது. பெயர் வேண்டாம்.

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, அதாவது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை. ஸ்டார் கூடினால் கரண்ட் செலவு குறையும். 3 ஸ்டாரைவிட 5 ஸ்டாருக்கு 9,000 ரூபாய் அதிகம். யோசிக்காமல் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, இலவச 100 போக 101ஆவது யூனிட்டிலிருந்தே வேறு கட்டணம். எங்கள் வீடு கோடையில் சரியாக அந்த விளிம்பில்தான் நிற்கும். விற்பனையாளர் அதைக் கேட்டதும், ஷோரூமில் இருந்த ஏசியின் லேபிளைத் தொட்டுக் காட்டினார். "பாருங்க சார், வருஷத்துக்கு 750 யூனிட்தான். அந்த 9,000 மூணு கோடையில திரும்ப வந்துடும். எங்க வீட்டுலயும் இதேதான்." இந்தக் கடைசி வரியில்தான் நம்பிக்கை வந்தது. கார்டை நீட்டினேன்.

ஆள் வந்து சுவரைத் துளைத்து, செம்புக் குழாய் இழுத்து, கேஸ் திறந்துவிட்டு, கடைசியாக பிளாஸ்டிக் உறையை உரித்தார். லேபிளில் மூன்று நட்சத்திரம். வருடத்துக்கு 960 யூனிட். "நான் மாட்டுறவன் சார், கடையில கேளுங்க" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கடையில் முதல் பதில்: "இன்வெர்ட்டர்னா எல்லாம் ஒண்ணுதான் சார்." ஒன்றே என்றால் 9,000 எதற்கு வாங்கினீர்கள்? அதற்குப் பதில் இல்லை. "24ல வச்சு ஓட்டுங்க, கரண்ட்டே இழுக்காது." 24 டிகிரி 2020 முதல் எல்லா அறை ஏசியிலும் தானாக வருவது, என்னமோ இவர்கள் போட்டுத் தந்த சலுகை மாதிரி! பிறகு மேனேஜர் பில்லைக் காட்டினார். மாடல் எண்ணில் ஒரே ஒரு எழுத்து வேறு. "பில்லில் இருப்பதுதானே வந்திருக்கு? மாட்டின பிறகு ரிட்டர்ன் கிடையாது." எண் 3 ஸ்டாருடையது, விலை மட்டும் 5 ஸ்டாருடையது. கம்பெனியைக் கேட்டால் கடையைக் கேளுங்கள் என்கிறார்கள். அந்த விற்பனையாளர் போனை எடுப்பதே இல்லை. 9,000 ரூபாய் அவர்களுக்குச் சில்லறை, எனக்கு இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. லேபிளைப் போட்டோ எடுங்கள். அந்த மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகப் பில்லுடன் ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சுவரில் துளை போடும் முன் உறையைக் கிழித்துப் பாருங்கள். லேபிளில் எந்த ஆண்டு வரை செல்லும் என்றும் இருக்கும். 2022 ஜூலையில் ஸ்டார் கொடுக்கும் அளவுகோலை இறுக்கியபோது பழைய 5 ஸ்டார் பலவும் 4 ஆக இறங்கின, பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டேன். 9,000 ரூபாய் திரும்ப வரும்வரை விடுவதாக இல்லை.