ஹேன்போர்டின் சரளைக்கு அடியில்: துளையா, மின்சாரமா, வெப்பமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரிச்லாந்து நகருக்குச் சற்று வடக்கே, கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கிறது ஹேன்போர்ட் அணு வளாகத்தின் ‘300 பகுதி’. அணு உலைகளுக்கான யுரேனிய எரிபொருள் 1943 முதல் இங்கே தயாரிக்கப்பட்டது. ஆலைக் கழிவுநீர் 1975 வரை மண் குட்டைகளிலும், அதன் பின் 1994 வரை நீண்ட பள்ளங்களிலும் விடப்பட்டு நிலத்துக்குள் இறங்கியது. நிலத்தடி நீரில் கலந்த யுரேனியம் பத்தாண்டுக்குள் தானாகவே குறைந்துவிடும் என்ற கணக்கை நம்பி, கண்காணித்துக் காத்திருப்பது என்று 1996இல் முடிவெடுத்தார்கள். ஆனால் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்றிருக்க, அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் அளவு அதைத் தாண்டியே நின்றது. கணக்கு ஏன் தப்பியது என்று தேடிய ஆய்வாளர்கள் ஒரே நிலத்தில் பல முறைகளைக் கையாண்டார்கள்; ஆகவே, எந்த முறை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

அங்கே நிலத்தின் அமைப்பு மேலோட்டமாகப் பார்த்தால் எளிமையானதுதான். மேலே, பனியுகப் பெருவெள்ளங்கள் வாரிக் கொட்டிய சரளையும் கூழாங்கற்களும் கலந்த ஹேன்போர்ட் படிவு. அதில் தண்ணீர் மிக வேகமாக ஓடும். அதற்குக் கீழே, நுண்மணலும் வண்டலும் கொண்ட, நீரை எளிதில் விடாத ரிங்கோல்ட் படிவு. இரண்டும் சந்திக்கும் பரப்பு சமதளமாக இல்லாமல், பழைய வெள்ள ஓடைகள் அரித்த பள்ளங்களோடு மேடும் தாழ்வுமாக இருப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

முதலில் துளையிட்டு மண் எடுக்கும் முறை. அடுக்கைக் கண்ணால் பார்க்கவும், கையால் தொடவும், ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லவும் இது ஒன்றே வழி. யுரேனியத்தின் பெரும்பகுதி, கூழாங்கற்களில் அல்லாமல் 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்துகள்களில் ஒட்டியிருப்பதும், நீர்மட்டம் ஏறி இறங்கும் மண்பட்டையில் அது தங்கியிருந்து, வசந்த காலத்தில் ஆற்று வெள்ளத்தோடு நீர்மட்டம் உயரும்போது மீண்டும் கரைந்து வருவதும் தெரியவந்ததற்கு இந்த மண் மாதிரிகளே அடிப்படை. 1996 கணக்கில் விடுபட்டிருந்த அம்சமும் இதுவே. குறை என்னவென்றால், மாதிரிக் குழாயின் வாயைவிடப் பெரிய கல் குறுக்கிட்டால் மாதிரி சிதைகிறது. சில மீட்டர் தள்ளி நிலம் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியும் துளை எதுவும் சொல்வதில்லை.

அடுத்தது கிணற்றுச் சோதனைகள். வழக்கமான பம்பிங் சோதனையில் தண்ணீரை இறைத்து, சுற்றியுள்ள கிணறுகளில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இந்தச் சரளையில் எவ்வளவு இறைத்தாலும் மட்டம் இறங்குவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தையும், மேல்புற அணைகளின் மின்னுற்பத்திக்கு ஏற்ப ஒரே நாளில் ஏறி இறங்கும் ஆற்று மட்டம் மறைத்துவிடுகிறது. கிணற்று நீரைத் திடீரென அழுத்தி, அது பழைய மட்டத்துக்குத் திரும்பும் நேரத்தை அளக்கும் முறையிலும் எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஆகவே கிணற்றுக்குள் இறக்கும் மின்காந்த ஓட்டமானி இங்கே கூடுதல் பயன் தந்தது. மெதுவாக இறைத்துக்கொண்டே கருவியைப் படிப்படியாக உயர்த்தினால், எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு நீர் வருகிறது என்று தெரியும்.

இந்த ஓட்டமானி, தேடாத ஒன்றையும் காட்டிக் கொடுத்தது. பழைய குட்டை ஒன்றின் இடத்தில், பக்கம் சுமார் 60 மீட்டர் கொண்ட முக்கோணப் பரப்புக்குள் 35 கிணறுகளை அமைத்திருந்தார்கள். நீர்த்தாங்கியின், அதாவது நிலத்தடி நீர் நிறைந்த அடுக்கின், முழு ஆழத்துக்கும் துளைக்குழாய் (நீர் புகச் சுவரில் துளைகள் இட்ட குழாய்) பொருத்திய கிணறுகளில், யாரும் இறைக்காதபோதே தண்ணீர் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்று மட்டம் உயரும்போது ஒரு திசை, தாழும்போது எதிர்த்திசை. மாசு படிந்த மேல்பட்டையின் நீரும் ஓரளவு சுத்தமான கீழ்ப்பட்டையின் நீரும் கிணற்றுக் குழாய்க்குள் இப்படி இடம் மாறுவதால், காலையில் எடுத்த மாதிரியும் மாலையில் எடுத்த மாதிரியும் வேறு வேறு அளவு காட்டக்கூடும். அளக்கப் போட்ட கிணறே அளவைக் குலைக்கிறது என்பது என் பார்வையில் இந்தக் களத்தின் மிக முக்கியமான பாடம்; ஆழவாரியாகப் பிரித்துப் போட்ட சிறு கிணறுகளுக்குக் கூடுதல் செலவாகும் என்று தயங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, தரையிலிருந்தோ படகிலிருந்தோ மின்சாரம் செலுத்தி அடியிலுள்ள மின்தடையை வரையும் முறை. துளைகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தை நிரப்புவதில் இதற்கு ஈடில்லை. ஆனால் மின்தடை மண்ணை மட்டுமல்லாமல் நீரையும் பொறுத்தது. கொலம்பியா ஆற்று நீரில் உப்புகள் நிலத்தடி நீரைவிட வெகு குறைவு. ஆகவே ஆற்று நீர் கரைக்குள் புகுந்தாலும், அடுக்கு மாறினாலும், படத்தில் ஒன்றுபோலத் தெரியலாம். இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது தூண்டு முனைவாக்கம் என்ற துணை அளவீடு: மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மண் சிறிது நேரம் பிடித்துவைத்திருக்கும் மின்னூட்டத்தை அது அளக்கிறது. நுண்துகள் நிறைந்த ரிங்கோல்டில் அது அதிகம், சரளையில் குறைவு. பழைய கட்டடங்களின் புதைகுழாய்களும் கம்பிவேலிகளும் உள்ள இடங்களில் இந்த முறைகள் தடுமாறும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நான்காவது, ஆற்றுப்படுகையில் கரையோரமாகக் கிடத்திய கண்ணாடியிழை வடம். அதன் நீளம் சுமார் 1.5 கிலோமீட்டர், ஒளித்துடிப்பைச் செலுத்தி வழிநெடுக வெப்பநிலையைப் படிக்கலாம். நிலத்தடி நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது. ஆற்றின் வெப்பமோ பருவத்தோடு மாறும். ஆகவே கோடையில் குளிர்ந்தும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் இருக்கும் இடங்கள் நிலத்தடி நீர் ஆற்றில் கலக்கும் வாய்கள். 2010இல் வெளியான ஆய்வில் இந்த வாய்களையும் முனைவாக்கப் படத்தையும் அருகருகே வைத்தபோது, ரிங்கோல்டை அரித்துச் சென்ற பழைய ஓடைப் பள்ளங்கள் வழியாகவே கலப்பு நடக்கிறது என்று தெரிந்தது. அடுக்கு எதுவென்றே அறியாத வடம், அடுக்கின் விளைவை இவ்வளவு துல்லியமாகக் காட்டியது வியப்புதான். ஆயினும் வெளியேறும் இடத்தைச் சொல்லுமே தவிர, புறப்பட்ட இடத்தை அது சொல்லாது.

செலவு வரம்புக்குள் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் முதலில் முனைவாக்கத்தோடு கூடிய மின்தடைப் படத்துக்கும் கரையோர வெப்ப வடத்துக்கும் பணம் ஒதுக்குவேன். அவை சுட்டும் பள்ளங்களின் மேலும் விளிம்பிலும் மட்டும் துளையிட்டு மண் எடுப்பேன். முழு ஆழத் துளைக்குழாய்க் கிணறுகளைக் கூடுமானவரை தவிர்ப்பேன். மண் மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாமே தவிர, அறவே கைவிட முடியாது. 2013இல் புதிய தீர்வுத் திட்டம் ஏற்கப்பட்டு, 2015இல் யுரேனியத்தைக் கரையாமல் கட்டிவைக்கப் பாஸ்பேட் கரைசலை நிலத்துக்குள் செலுத்தத் தொடங்கியபோது, குறிவைத்த இடங்களில் நீர்மட்டம் ஏறி இறங்கும் அதே மண்பட்டையும் இருந்தது. அந்தப் பட்டையில் யுரேனியம் ஒட்டியிருப்பதை மின்சாரப் படத்தாலோ வெப்ப வடத்தாலோ காட்டியிருக்க முடியாது.