தும்பி பார்க்க ஒரு பைனாகுலர்: பென்டாக்ஸ் பபிலியோ 6.5×21

பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு பெரிசாத் தெரியும்?" என்றுதான். பூச்சி பார்க்கிறவர் கேட்க வேண்டியது வேறு: எவ்வளவு கிட்ட நின்று பார்க்கலாம்? பறவைக்கென்று விற்கிற பைனாகுலர்களில் பெரும்பாலானவை இரண்டு மீற்றருக்குள் வந்தால் கலங்கிப் போய்விடும். மூக்குத்திப் பூவில் இருக்கிற ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி அந்தத் தூரத்தில் ஒரு சாம்பல் பொட்டு. பபிலியோ 50 சென்ரிமீற்றரிலும் தெளிவாகக் காட்டும். நின்ற நிலையிலேயே உங்கள் செருப்பில் வந்து குந்துகிற தும்பியின் கண்ணைப் பார்க்கலாம்.

விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டு வந்தால் இரண்டு கண்ணும் உள்பக்கம் திரும்புமே, அந்த வேலையை இதன் முன்வில்லைகள் செய்கின்றன. நடுவில் உள்ள சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற இரண்டு வில்லைகளும் முன்னே நகர்ந்தபடி ஒன்றையொன்று நெருங்கும். அதனால்தான் கிட்டப் பார்க்கும்போதும் படம் இரண்டாகப் பிரியாது. நிறை 290 கிராம். கழுத்தில் தொங்குவதே சிலவேளை மறந்துபோகும்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். வீடு கோப்பாயில், பின்னால் வயல். பைனாகுலரைக் கனடாவிலிருந்து வந்த மச்சாள் கொண்டு வந்து தந்தா. வயல் வரம்பில் இதோடு நிற்கிற என்னைப் பார்த்து முன்வீட்டு ஐயா, "பிள்ளை, அந்த நாளையில இதைக் கொண்டு திரிஞ்சிருந்தா என்ன நடந்திருக்கும் தெரியுமே?" என்றார். தெரியும். இப்போதும் ஆமி முகாம் வேலி ஓரமாகப் போனால் பைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

இனி, இதால் என்ன பார்த்தேன் என்று சொன்னால்தான் சாமானின் அருமை விளங்கும். வளவில் ஒரு இலந்தை நிற்கிறது. அதில் சில்வர்லைன் என்கிற வண்ணத்துப்பூச்சி வரும். செட்டையை மூடினால் பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. வெறுங்கண்ணுக்குச் செம்மஞ்சள் கோடு போட்ட ஏதோ ஒன்று, அவ்வளவுதான். பைனாகுலரில் பார்த்தால் ஒவ்வொரு பட்டைக்கும் கறுப்புக் கரை, நடுவில் ஓடுகிற வெள்ளிக் கம்பி. பின்செட்டையின் நுனியில் மயிர் போன்ற இரண்டு வால், அடியில் ஒரு செம்மஞ்சள் பொட்டு. குந்தியதும் பின்செட்டைகளை மாறி மாறி மேலும் கீழும் உரசும். வால் இரண்டும் உணர்கொம்பு போல ஆடும். தலை எது, வால் எது என்று பார்க்கிறவர்களுக்கே குழப்பம். ஓணான் வந்து "தலையை"க் கவ்வினால் கிடைப்பது ஒரு துண்டுச் செட்டை. பின்பக்கம் மட்டும் பிய்ந்துபோன சில்வர்லைன்களை நான் கண்டிருக்கிறேன். இதைக் கைபேசியில் படம் பிடிக்கப் போன என் மாணவர்கள் அதைப் பறக்கவிட்டதுதான் மிச்சம்.

தும்பிக்கும் இது சொல்லி வேலையில்லை. வெயில் உச்சிக்கு ஏறும்போது செந்தும்பி வாலை நேரே சூரியனைப் பார்த்து உயர்த்தி, தலைகீழாக நிற்பது போல நிற்கும். உடம்பில் வெயில் படுகிற பரப்பைக் குறைத்துச் சூட்டைத் தவிர்க்கிற வித்தை அது. பாடப் புத்தகத்தில் ஒரு வரி. பைனாகுலரில் பார்த்தால் ஒரு மத்தியானமே போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு கூட்டமாக வருகிற மஞ்சள் தும்பி வேறு கதை. அது பறந்துகொண்டே இருக்கும், பைனாகுலருக்குள் பிடிபடாது. பொழுது பட்டதும் காய்ந்த கொப்பில் தொங்கும், அப்போதுதான் பார்க்கலாம். நன்னீர் அரிதான மாலைதீவில் ஒவ்வொரு ஒக்ரோபரிலும் இவை ஆயிரக்கணக்கில் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்த சார்ள்ஸ் அன்டர்சன் என்ற உயிரியலாளர், இவை இந்துமாகடலைத் தாண்டி ஆபிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் எழுதினார். கொப்பில் தொங்குவதைப் பார்த்தால் அப்படியொரு பயணி என்று சொல்லவே மாட்டீர்கள்.

இரவில் அந்துப்பூச்சி பார்க்கவும் உதவும், விறாந்தைச் சுவரில் லைற் வெளிச்சம் நன்றாக இருந்தால். நந்தியாவட்டையில் புழுவாக வளர்கிற பச்சை அந்து ஒன்று வரும். அதன் செட்டையில் பச்சைக்குள் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக அலை அலையாக ஓடுகிற வரிகளை ஆறுதலாக இருந்து பார்த்தேன்.

சரி, குறைகள். முன்வில்லையின் விட்டம் 21 மில்லிமீற்றர்தான். பொழுது சாய்ந்தால், அடர்காட்டுக்குள் போனால், படம் மங்கும். நீர்புகாச் சாமானும் இல்லை. மாரியில் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சிங்கராஜக் காட்டில், இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சியான அந்தப் பெரிய கறுப்பு மஞ்சள்காரி மர உச்சியில் மிதந்து போகும்போது இது போதாது. அங்கே 8×42, அதாவது எட்டு மடங்கும் 42 மில்லிமீற்றர் முன்வில்லையும் உள்ளதுதான் வேண்டும். பறவைக்கும் பூச்சிக்கும் ஒன்றையே வாங்கலாம் என்று நினைத்தால் இதை வாங்காதீர்கள்.

இதிலேயே 8.5 மடங்குப் பதிப்பும் இருக்கிறது. மச்சான்மார் "கூடவா இருக்கிறதை வாங்கு" என்பார்கள். கேட்காதீர்கள். அதற்கும் முன்வில்லை அதே 21தான், படம் இன்னும் மங்கல். கைநடுக்கமும் பெரிசாகத் தெரியும். யாழ்ப்பாணக் கடைகளில் இதை நான் காணவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற யாருக்காவது சொல்லிவிடுகிறதென்றால், 6.5 என்று கடதாசியில் எழுதியே அனுப்புங்கள்.