ஈய மார்க்கரா, கம்ப்யூட்டரில் போடும் எழுத்தா?

எக்ஸ்ரேயில் இடது, வலது குறிக்க இப்போது இரண்டு வழி இருக்கிறது. படம் எடுக்கும்போதே ஈயத்தால் ஆன 'எல்' (இடது) அல்லது 'ஆர்' (வலது) எழுத்தை, படம் பதியும் பலகையான டிடெக்டர் மேல் வைப்பது ஒன்று, எடுத்து முடித்தபின் கம்ப்யூட்டரில் சேர்ப்பது இன்னொன்று. என் ஓட்டு ஈயத்துக்குத்தான்.

ஈயம் கதிரைத் தடுப்பதால் அந்த எழுத்து உடம்போடு சேர்ந்தே வெள்ளையாகப் பதிகிறது. பிறகு யாராவது படத்தை இடவலமாகப் புரட்டினால் எழுத்தும் கூடவே புரண்டு காட்டிக் கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் எழுத்தோ, ஏற்கெனவே புரண்ட படத்தின் மேலும் நேராகவே உட்கார்ந்திருக்கும்.

நெஞ்சுப் படத்தில் இதயம் நோயாளியின் வலப்பக்கம் தெரிகிறது என்று வையுங்கள். அரிதாகச் சிலருக்குப் பிறவியிலேயே அப்படித்தான் இருக்கும். ஆனால் 'இதயம் இடப்பக்கம்தானே' என்ற பழக்கத்தில் படத்தைப் புரட்டி, எழுத்தையும் போட்டு அனுப்பிவிட்டால், அப்புறம் டாக்டருக்கு எப்படித் தெரியும்? சந்தேகம் வந்தாலும் நோயாளியைத் திரும்ப வரவழைத்து இன்னொரு முறை கதிர் கொடுக்க வேண்டியதுதான்.

சரி, ஈயத்திலும் தொல்லை உண்டு. தொலையும், கிருமி ஒட்டும், ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் துடைக்க வேண்டும், கதிர் விழும் பரப்புக்கு வெளியே வைத்தால் பதியவே பதியாது. எடுத்த நேரம், 'படுத்த நிலை' போன்ற கூடுதல் குறிப்புகளுக்குக் கம்ப்யூட்டர் வசதிதான். ஆனால் நிலையைக் காட்டவும்கூட, உள்ளே சின்ன மணிகள் உருளும் ஈய மார்க்கர் இருக்கிறது. நின்று எடுத்தால் மணிகள் அடியில் போய்ச் சேர்ந்திருக்கும்.