கால் கிரவுண்டில் மாடிப்படி: சுருளா, திருப்பமா, ஒற்றைக்காலா?

பதினைந்துக்கு நாற்பது அடி மனை, அதாவது 600 சதுர அடி, கால் கிரவுண்டு. சுற்றிலும் விட வேண்டியதை விட்டு, சுவர்த் தடிமனையும் கழித்தால் உள்ளே பன்னிரண்டடி அகலம் தேறுவதே பெரிய விஷயம். தளத்துக்குத் தளம் 10 அடி உயரம். ஏழங்குலப் படி என்றால் 17 ஏற்றம் (ஒவ்வொரு முறை காலைத் தூக்கி ஏறும் உயரம்தான் ஏற்றம்). நடுவில் லேண்டிங் (நின்று திரும்பும் சமதளம்) விட்டுத் திரும்பும் வழக்கமான படியை இரண்டரை அடி அகலத்தில் போட்டால்கூட ஒன்பதடிக்கு மேல் நீளம், ஐந்தடி அகலம். கிட்டத்தட்ட 46 சதுர அடி. சின்ன வீட்டில் ஒரு குளியலறையே அவ்வளவு இருக்காது.

இடத்தைக் குறைக்க மூன்று வழி உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டுப் படிக்கு உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் அகலம் 250 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. மூன்றுமே ஏதாவது ஓரிடத்தில் இதோடு மல்லுக்கட்டும். பிளான் போடும்போதே இன்ஜினியரிடம் பேசிவிடுங்கள்.

எல்லோரும் முதலில் கேட்பது இரும்புச் சுருள்படி. ஐந்தடி விட்டம், 25 சதுர அடியில் வேலை முடிந்தது. வெல்டர் பட்டறையில் செய்து கொண்டுவந்து இரண்டு நாளில் நிறுத்திவிடுவார். பார்க்கவும் அழகு. ஆனால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு படி என்று வைத்தால், நடுத்தூணிலிருந்து ஓரடி தள்ளிக் கால் வைக்கும் இடத்தில் ஆறே கால் அங்குலம்தான் கிடைக்கும். வெளி ஓரமாக, கைப்பிடியை ஒட்டியே நடக்க வேண்டும். ஏறுவது சிரமமில்லை. ஈரத்துணி வாளியோடு இறங்கிப் பாருங்கள், அப்போது தெரியும். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்க முடியாது. பீரோவும் கட்டிலும் பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் போகும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் பெயின்ட் செலவு தனி. மொட்டை மாடிக்குப் போக இது போதும். படுக்கையறைக்குப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது, நம்மூரில் அதிகம் பார்க்காதது. ஒவ்வொரு படியிலும் பாதியை வெட்டிவிட்டு, வலதுக்கு ஒன்று இடதுக்கு ஒன்று என மாற்றி மாற்றி வைப்பார்கள். ஒற்றைக்கால் படி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக 13 ஏற்றம். ஐந்தரை அடி நீளம், இரண்டடி அகலம், வெறும் 11 சதுர அடி! எந்தக் காலை முதலில் வைப்பது என்று படியே முடிவு செய்துவிடும் (வலது காலாக அமைத்துவிட்டால் வீட்டுப் பெரியவர்களுக்குச் சந்தோஷம்). நடுவில் தடுமாறினால் கால் மாற்ற வழியில்லை. பிரிட்டனில் இதை மேற்கூரைக்குள் எடுக்கும் ஒற்றை அறைக்கு மட்டும், வேறு படிக்கு இடமே இல்லாதபோதுதான் அனுமதிக்கிறார்கள். பரண், புத்தக அறைக்குச் சரி. முழங்கால் வலிக்காரர் இருக்கும் வீட்டில் பேச்சே வேண்டாம்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு. பழைய திரும்பும் படிதான். லேண்டிங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆறு முக்கோணப் படிகள். இரு பக்கமும் ஐந்தைந்து நேர்ப்படி. ஆகப் படி 16, பதினேழாவது ஏற்றம் மேல்தளத்துக்கே. நீளம் ஆறடி எட்டங்குலத்துக்கு இறங்கிவிடும். 46 சதுர அடி 33 ஆகும். மிச்சமாகும் இரண்டரை அடி ஹாலுக்கு வரும், படிக்கு அடியில் இன்வெர்ட்டரும் செருப்பு ஸ்டாண்டும் போகும். கான்கிரீட் என்பதால் சத்தமில்லை. 17 ஏற்றம் என்பதால் லாபம்-நஷ்டம் எண்ணுகிறவர்களுக்கும் லாபத்தில் முடியும்.

இதில் கெடுப்பது ஒரே இடம். மேஸ்திரிகள் முக்கோணங்களின் முனைகளை எல்லாம் ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அங்கே கால் வைக்க இடமே இருக்காது. இரண்டு வரிசைக்கும் நடுவில் நாலைந்து அங்குலம் இடைவெளி விடச் சொன்னால் முனைகள் கொஞ்சம் விரியும். கைப்பிடி வெளிச்சுவர் பக்கமும் கட்டாயம் வேண்டும், அகலமான பக்கம் அதுதானே.

அப்புறம், எந்தப் படியானாலும் தரைக்கு டைல்ஸ் ஏறும் கனத்தைச் சென்டரிங் (கான்கிரீட் ஊற்றும் பலகை அச்சு) அடிக்கும் முன்பே கணக்கில் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் மறந்துவிட்டார்கள். தரை இரண்டங்குலம் உயர்ந்தது, படியில் முக்கால் அங்குலக் கிரானைட்தான். முதல் படி ஐந்தே முக்கால், கடைசிப் படி எட்டே கால். புதிதாக வருகிறவர்கள் இன்றும் அந்தக் கடைசிப் படியில் கால் இடித்துக்கொள்கிறார்கள்.