மார்ச் மாதம் பட்டறைக்கு வருகிற ‘ஆடிட்டர்’: இல்லாத வரியை மிச்சம் பிடித்துத் தந்தவர்

கோவை கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி பக்கம் லேத்தும் சிஎன்சியும் போட்டு ஜாப் ஒர்க் செய்கிற சிறு பட்டறைக்காரர்களை நினைத்து இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பொருந்தும். ஆள் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் முடியவில்லை, தவிர இதே வேலையைச் செய்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். செய்கிற விதம் தெரிந்தால் ஆளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எங்களுக்கு மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். எந்தக் கம்பெனி எவ்வளவு தர வேண்டும், எப்போது தரும் என்பதெல்லாம் எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். 2024 மார்ச்சில் வழக்கத்துக்கு மாறாகப் பட்டறைக் கணக்கில் பணம் இருந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை 15 நாளில், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் தராவிட்டால், தரும் வருடத்தில்தான் கம்பெனி அதைச் செலவாகக் கழிக்கலாம் என்ற வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) விதி அந்த நிதியாண்டுக் கணக்குக்குத்தான் முதன்முதலாக அமலுக்கு வந்தது. அதுவரை ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று இழுத்த கம்பெனிகள் எங்கள் உத்யம் எண்ணை (குறு, சிறு தொழில் பதிவு எண்) கேட்டு வாங்கி, பழைய பில்லுக்கெல்லாம் ஆர்டிஜிஎஸ் போட்டார்கள். சட்டம் சிறியவர்களுக்கு உதவிய அபூர்வமான மார்ச் அது. அந்தப் பணத்தின் மீதுதான் இவர் கண் விழுந்தது.

அந்த மாத முதல் பாதியில் ஒரு தாளோடு வந்தார். வருட விற்றுமுதல் 90 லட்சம், எல்லாம் வங்கி வழி வரவு. 44ஏடி பிரிவில் (முழுக் கணக்கு எழுதாமல், விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டுகிற வழி) 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் வருமானம் 5,40,000. (உண்மையான லாபம் அதைவிட அதிகமென்றால் அதிகமாகத்தான் காட்ட வேண்டும். எங்களுக்குக் கூலி, கரண்ட், டூல் செலவு போக நிற்பது ஏறக்குறைய அதுதான்.) வரி, செஸ் எல்லாம் சேர்த்து 21,320 ரூபாய். “இப்பவே ஏற்பாடு பண்ணலீன்னா மார்ச் 15-க்கு மேல வட்டி ஓடுமுங்க” என்றார்.

ஏற்பாடு என்று மூன்று சொன்னார். ஒன்றரை லட்சத்துக்கு ஒரு இன்சூரன்ஸ் பாலிசி, ‘ஒரே தவணைதான், 80சி-யில் கழிச்சுக்கலாம்’ (பிரீமியம் போன்றவற்றை வருமானத்திலிருந்து கழிக்க விடும் பிரிவு அது). அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வருடம் முடியும் முன்பே கட்டும் வரி, 21,320-ஐ அவருடைய ஜிபே எண்ணுக்குப் போட்டால் அவரே போர்ட்டலில் கட்டிவிடுவார், பிற்பாடு அது ரீஃபண்டாகத் திரும்பி வரும். மூன்றாவது, தெரிந்தவரிடம் இருக்கிற ஒரு பழைய கம்ப்ரசரை 31-க்குள் வாங்கிவிட்டால் தேய்மானம் கிடைக்கும்.

மூன்றாவதை மச்சான் அங்கேயே தடுத்துவிட்டார், இடமில்லை என்று. இடம் இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. 44ஏடி-யில் கணக்குக் காட்டினால் தேய்மானம் அந்த 6 சதவீதத்துக்குள்ளேயே கழிந்துவிட்டதாகத்தான் அர்த்தம், தனியாக ஒரு பைசா கிடையாது. முழுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும்கூட, 180 நாளுக்குக் குறைவாக ஓடிய மெஷினுக்குப் பாதித் தேய்மானம்தான். அதுவும் 31-க்குள் ஓட விட்டிருக்க வேண்டும், பில் மட்டும் வாங்கி வைத்தால் போதாது.

பாலிசிதான் பெரிய அடி. அவர் போட்ட 21,320 பழைய வரி முறைக் கணக்கு. 2023-24 முதல் புதிய வரி முறைதான் தானாக அமலாவது. அதில் அந்த வருடம் 7 லட்சம் வரை வருமானம் உள்ள தனிநபருக்கு 87ஏ தள்ளுபடியோடு வரி பூஜ்யம். எங்கள் 5,40,000-க்கு எதுவுமே செய்யாமல் பேசாமல் இருந்திருந்தாலே வரி கிடையாது. சரி, பழைய முறையே வேண்டும் என்றாலும், 5 லட்சத்துக்குக் கீழே வர வெறும் 40,000 கழிவு போதும். பையனும் பொண்ணும் படிக்கிற பள்ளியின் டியூஷன் ஃபீஸே அதைத் தாண்டும், அது 80சி-யில் வரும். வீட்டில் வழக்கமாகக் கட்டுகிற எல்ஐசி வேறு. இவ்வளவும் தெரிந்த ஆள்தான் ஒன்றரை லட்சத்துக்குப் படிவத்தை நீட்டினார். ஏஜென்ட் கோடு அவர் வீட்டம்மா பெயரில் இருந்தது என்பது பாலிசிப் பத்திரம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரே தவணை என்பதும் பொய். வருடா வருடம், பத்து வருடம் கட்ட வேண்டிய பாலிசி அது.

அட்வான்ஸ் டாக்ஸ் கதை இன்னும் மோசம். கம்பெனிகள் ஜாப் ஒர்க் பில்லில் 194சி-யின்படி 1 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்து எங்கள் பெயரில் கட்டும் வரி) பிடிக்கின்றன. எங்களுக்கு அதுவே 80 ஆயிரத்துக்கு மேல் பிடித்திருந்தார்கள். டிடிஎஸ் போக மிச்ச வரி 10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அட்வான்ஸ் டாக்ஸ் என்ற பேச்சே வரும். வட்டி, வட்டி என்று பயமுறுத்தினாரே, உண்மையிலேயே அந்த 21,320 கட்ட வேண்டியிருந்து மார்ச் 15 தவறி 31-க்குள் கட்டியிருந்தால் வட்டி இருநூற்றுச் சொச்சம். அவர் எங்கள் பட்டறையில் குடித்த டீக்கே அதற்கு மேல் ஆகியிருக்கும்.

பணம் போட்ட அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் செலான் பிடிஎஃப் வந்தது. லோகோ, முத்திரை எல்லாம் பிரமாதம்.

ஜூலையில் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டும் வந்தது, நேராக எங்கள் கணக்குக்கே. உடனே அதில் 20 சதவீதம் ஃபீஸ் கேட்டார், ‘நான் வாங்கிக் கொடுத்தது’ என்று. வந்தது முழுக்க எங்களிடம் பிடித்த டிடிஎஸ். அட்வான்ஸ் டாக்ஸ் எங்கே என்று கேட்டால், “அது வரிக்குச் சரியாப் போச்சுங்க” என்றார். அக்கா பொண்ணு சிஏ இன்டர் படிக்கிறாள். ரிட்டர்ன் தாளைப் பார்த்துவிட்டு, “கட்ட வேண்டிய வரியே சைபர்னு போட்டிருக்குங்க மாமா, அப்புறம் அந்தப் பணம் எதுல கழிஞ்சுது?” என்று கேட்டாள்.

போர்ட்டலுக்குள் போய்ப் பார்க்கலாம் என்றால், பதிவாகியிருந்த மொபைல் எண்ணும் ஈமெயிலும் அவருடையவை. துறை எது அனுப்பினாலும் அவருக்குத்தான் போகும். ஆதார் ஓடிபி வைத்து பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனோம். நம் பெயரில் கட்டிய வரி பதிவாகும் ஏஐஎஸ் என்ற வருடத் தகவல் அறிக்கையில் அட்வான்ஸ் டாக்ஸ் என்று ஒரு பதிவு கூட இல்லை. நிஜமான செலானில் ஏழு இலக்க பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளையின் எண்), தேதி, ஐந்து இலக்க வரிசை எண் இருக்கும், அது ஏஐஎஸ்-இல் அப்படியே ஏறியிருக்கும். இவர் அனுப்பியது கம்ப்யூட்டரில் செய்த படம்.

பணத்தைவிட எனக்கு எரிச்சல் தந்தது வேறொன்று. பாலிசியை நியாயப்படுத்த ரிட்டர்னைப் பழைய முறையில் போட வேண்டுமே. அதற்காக எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் 10-ஐஇஏ படிவம் தாக்கல் செய்திருக்கிறார். சம்பளக்காரர்கள் வருடா வருடம் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு அப்படியில்லை. ஒரு தடவை பழைய முறைக்குப் போனால், புதிய முறைக்குத் திரும்ப ஒரே ஒரு வாய்ப்பு. திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கிற வரை பழைய முறைக்குப் போகவே முடியாது. நாளைக்கு வீட்டுக் கடன் வாங்கி, பழைய முறை லாபமாக இருக்கும் என்றாலும் கதவு சாத்தியாகிவிட்டது. அடுத்த வருடமே நாங்கள் புதிய முறைக்குத் திரும்பிவிட்டோம், வேறு வழியில்லை. ஒரு பாலிசி கமிஷனுக்காக இதைச் செய்தவரை என்னவென்று சொல்வது?

அவர் ஆடிட்டரும் இல்லை. நம் ஊரில் வரிக் காகிதம் தொடுகிற எல்லோரையும் ஆடிட்டர் என்கிறோம், அந்தப் போர்வையில்தான் இவர்கள் உலாவுகிறார்கள். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் கையெழுத்திடும் சான்றிதழ், தணிக்கை அறிக்கை எதிலும் 18 இலக்க யூடிஐஎன் எண் இருக்கும், அதை யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் சரிபார்க்கலாம். வங்கிக் கடனுக்காக இவர் முன்பு ‘ஏற்பாடு செய்து’ தந்த சான்றிதழில் இருந்த எண்ணைப் போட்டுப் பார்த்தோம், அப்படி எதுவும் இல்லை என்று வந்தது. வங்கியில் அதைச் சொல்லி வேறு சான்றிதழ் கொடுத்தது தனி அலைச்சல்.

போலீஸில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கிய பிறகு 21,320 திரும்பி வந்தது. பாலிசிப் பணம் வரவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ‘நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்’ என்று கடிதம் அனுப்பிவிட்டது, இப்போது சென்னை இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனு இருக்கிறது. பிடிக்காத பாலிசியைப் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிவிடலாம் என்ற விதி இப்போது உண்டு. அதனால் பத்திரம் உங்கள் முகவரிக்கு வருகிறதா என்று பாருங்கள். எங்களுடையதை அவர் ஆபீசுக்கு வரவழைத்து, நிதானமாகத்தான் கொடுத்தார்.

பக்கத்துப் பட்டறைக்காரர் மகனுக்கு வேறு மாதிரி. ஐடி வேலை, சம்பளம். அவன் ரிட்டர்னில் அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக 80ஜிஜிசி-யில் பொய்க் கழிவு போட்டு ரீஃபண்ட் எடுத்திருக்கிறார் இவர். வருமான வரித் துறை 2025 ஜூலை 14 அன்று நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது இப்படிப்பட்ட இடைத்தரகர்கள் மீதுதான், தமிழ்நாடும் அதில் உண்டு. ஆனால் நோட்டீஸ் வருவது ரிட்டர்ன் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. பையன் திருத்திய ரிட்டர்ன் போட்டு, வரியும் கூடுதல் தொகையும் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

நான் சொன்ன பிரிவு எண்கள் 1961 சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் எண்கள் வேறு. ‘சட்டமே மாறிப்போச்சு, புதுசா ஏற்பாடு பண்ணணும்’ என்று இவர்கள் கிளம்ப அதுவே ஒரு சாக்கு. 2025-26 வருமானத்துக்குப் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, உங்களிடம் பாலிசிப் படிவம் நீட்டுகிறவரிடம் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே யாருடைய ஜிபே எண்ணுக்காவது வரிப் பணம் போட்டிருந்தால் இன்றைக்கே ஏஐஎஸ் எடுத்துப் பாருங்கள். பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது என்றால் அவரைக் கேட்காதீர்கள், ஆதார் ஓடிபி போதும். உள்ளே போனதும் முதலில் மொபைல் எண்ணையும் ஈமெயிலையும் உங்களுடையதாக மாற்றிவிடுங்கள்.