வாஷ்ரூம் ஃபேனைச் சுற்றி அடைத்து நாலு குளிர்காலம் ஆகிவிட்டது

கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நாங்கள் இருக்கும் வீடு 1980களில் கட்டியது. குடிவந்த முதல் ஜனவரியிலேயே மாடி வாஷ்ரூமில் ஈரக்காற்றை வெளியேற்றச் சீலிங்கில் பதித்திருக்கும் ஃபேனிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கூரைதான் ஒழுகுகிறது என்று ஒருவரை வரவழைத்தோம், அவர் ஷிங்கிள் (கூரைமேல் வேயும் தகடுகள்) மொத்தத்தையும் மாற்றப் பெரிய தொகை சொன்னார். எனக்கு மனது ஒப்பவில்லை. கொட்டும் மழையில் ஒரு சொட்டுகூட விழாது, மைனஸ் 20 வரை போய்விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் மட்டும் சொட்டும், அது எப்படிக் கூரை ஒழுகலாகும்?

சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள அட்டிக்கில் ஏறி, ஃபேனைச் சுற்றிக் குளிர் தடுக்கப் பரப்பியிருந்த இன்சுலேஷனை விலக்கினால், ஃபேன் பெட்டிக்கும் சீலிங் ட்ரைவாலுக்கும் (ஜிப்சம் அட்டை) நடுவே விரல் நுழையும் சந்து. நாம் வெந்நீரில் குளிக்கும்போது எழும் ஈரக்காற்று அந்தச் சந்து வழியே மேலே போய்க் கூரைப் பலகையிலும் ஆணி முனைகளிலும் வெள்ளையாக உறைந்து கிடந்தது, வெயில் பட்டால் உருகும். ஃபேன் காற்றை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகும் டக்டும் மேலே எதுவும் சுற்றாத வெறும் குழாய், அதற்குள் போகும் ஆவி பாதி வழியிலேயே குளிர்ந்து தண்ணீராகி ஃபேனுக்கே திரும்பி வந்திருக்கிறது.

ஒரு சனிக்கிழமை முழுக்க இந்த வேலைதான். பெட்டியின் மூட்டுகளுக்கு அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டினேன் (துணி டேப் வேண்டாம், சீக்கிரம் காய்ந்து உரிந்துவிடும்). இடைவெளியை ஸ்ப்ரே ஃபோமால் (பீய்ச்சியதும் நுரைத்து இறுகுவது) அடைத்தேன். இன்சுலேஷன் சுற்றிய டக்ட் வாங்கி, வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவாக இருக்கும்படி இழுத்துக் கட்டினேன். பிறகு விலக்கியதை எல்லாம் திரும்ப மேலே மூடினேன். இன்சுலேஷனை மட்டும் கூடுதலாகக் கொட்டிவிட்டு இடைவெளியை விட்டுவிட்டால் பயனில்லை, காற்று அதற்குள்ளேயும் புகுந்து போகும், அதனால் அடைப்பதுதான் முதல் வேலை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சொட்டு விழவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது வருஷம் பிப்ரவரியில் ஏறிப் பார்த்தபோது ஒரு மூலையில் மறுபடி உறைபனி. இறுகிப்போன ஃபோம், ஃபேனின் அதிர்வில் பெட்டித் தகரத்தை விட்டுப் பிரிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அக்கூஸ்டிக் சீலன்ட் என்ற அடைப்புப் பசை போட்டேன். கறுப்பாக, கையில் பட்டால் லேசில் போகாது, ஆனால் இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருப்பதால் அதிர்வுக்கு ஈடுகொடுக்கிறது. இந்த நாலாவது குளிர்காலத்தில் பலகை காய்ந்தே இருக்கிறது. முதலிலேயே அதைப் போட்டிருக்க வேண்டும். வீட்டைச் சூடாக்கும் கேஸ் பில் குறைந்ததா என்று கேட்டால், இதனால்தான் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. குளித்து முடித்தும் ஃபேனை 20 நிமிஷம் ஓடவிட ஒரு டைமர் ஸ்விட்ச் போட்டோம், அப்புறம் கண்ணாடியில் ஆவி நிற்பதே இல்லை.

செய்யப் போகிறவர்கள் ஃபேனோடு ஹீட்டரோ விளக்கோ சேர்ந்திருந்தால், மேலே இன்சுலேஷன் மூடலாமா என்று பெட்டியின் லேபிளில் பார்த்துவிட்டு மூடுங்கள். பழைய வீட்டு அட்டிக்கில் கூழாங்கல் மாதிரி மினுங்கும் வெர்மிகுலைட் (ஒரு கனிம இன்சுலேஷன்) கிடந்தால் கையே வைக்காதீர்கள். அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், பரிசோதித்து இல்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே ஏற வேண்டும்.